ஏ.ஐ. சட்டத்தில் நகரும் வரி எது, நகராத வரி எது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. அன்றைக்கே பிடிஎஃப்பை இறக்கி, முக்கியமான வரிகளில் மஞ்சள் பூசி, கோப்பில் சேர்த்துவிட்டு, 'படித்தாயிற்று' என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அந்த நிம்மதிதான் முதல் தவறு. இந்தச் சட்டத்தின் சில வரிகளை, முழுச் சட்டத் திருத்தம் இல்லாமலே மாற்றும் அதிகாரம் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தாய்ச்சட்டம் தன் அதிகாரத்தில் ஒரு பங்கை ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. அதைக்கொண்டு ஆணையம் பிறப்பிப்பதை இங்கே 'கையளிப்பு விதி' என்று சொல்கிறேன்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? ஓர் எண்ணைப் பார்த்தாலே புரிந்துவிடும். பல வேலைகளுக்கும் பயன்படும் ஒரு பொதுப்பயன் ஏ.ஐ. மாதிரியைப் பயிற்றுவிக்கச் செலவான மொத்தக் கணக்கீடு 10^25 மிதவைப்புள்ளிச் செயல்களை (கணினி செய்யும் அடிப்படைக் கணக்குகளை) தாண்டினால், அது உயர்தாக்கத் திறன் கொண்டது என்று 51ஆம் பிரிவு அனுமானிக்கிறது. அதாவது ஒன்றுக்குப் பின் 25 சுழியங்கள். இன்று அது பெரிய எண். ஆனால் குறைந்த கணக்கீட்டிலேயே அதே திறனை எட்டும் வழிமுறைகள் வந்துகொண்டே இருக்கின்றன; சில்லுகளும் மேம்படுகின்றன. எல்லைக்கோடு அதே இடத்தில் நின்றால், ஆபத்தான மாதிரி கீழே நழுவிவிடும், அல்லது சாதாரண மாதிரி மேலே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் இந்த எண்ணைத் திருத்தவும், அதற்குத் துணையாக வேறு அளவுகோல்களைச் சேர்க்கவும் ஆணையத்துக்கு அதே பிரிவு வழிசெய்கிறது. 10^25 என்பதை மென்பொருளிலோ ஒப்பந்தத்திலோ நிரந்தர எண்ணாக எழுதி வைப்பவர்கள் பின்னால் வருந்த வேண்டியிருக்கும். 'அப்போது அமலில் உள்ள வரம்பு' என்று எழுதுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஆணையம் நினைத்தால் எதையும் மாற்றிவிடும் என்ற பயம். அப்படி மாற்ற முடியாது. சட்டத்தின் சாரமான பகுதிகளைக் கையளிப்பு விதி தொடக்கூடாது என்று ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தங்களில் ஒன்றான செயற்பாட்டு ஒப்பந்தத்தின் 290ஆம் பிரிவே சொல்லிவிட்டது. எந்தெந்தப் பிரிவில் அதிகாரம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பதை ஏ.ஐ. சட்டத்தின் 97ஆம் பிரிவு ஒவ்வொன்றாக அடுக்குகிறது. அதில் இல்லாத இடத்தில் ஆணையத்துக்கு இந்த அதிகாரம் கிடையாது.

நேரில் பார்க்க ஓர் உதாரணம். வேலைக்கு வரும் விண்ணப்பங்களை வடிகட்டித் தரவரிசைப்படுத்தும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். உயர் அபாயப் பயன்பாடுகளைப் பட்டியலிடும் மூன்றாம் இணைப்பில் உள்ள எட்டுத் துறைகளில் வேலைவாய்ப்பும் ஒன்று. விண்ணப்பங்களை வடிகட்டுவது அதன்கீழ் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருப்பதால், இது பெரும்பாலும் உயர் அபாய வகைக்குள் வரும். நாளை பணியிடத்தில் வேறொரு புதிய பயன்பாடு முளைத்து அதுவும் அதே அளவு ஆபத்தானது என்று தெரிந்தால், 7ஆம் பிரிவின்கீழ் ஆணையம் அதை வேலைவாய்ப்புத் துறைக்குள் சேர்க்கலாம். ஆனால் எட்டுக்கு வெளியே ஒன்பதாவதாக ஒரு துறையைத் திறக்க முடியாது; அதற்கு ஐரோப்பிய நாடாளுமன்றமும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அடங்கிய மன்றமும் சட்டத்தையே திருத்த வேண்டும். அறவே கூடாத ஏ.ஐ. நடைமுறைகளைச் சொல்லும் 5ஆம் பிரிவின் தடைப் பட்டியலும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒருமுறை ஆணையம் அந்தப் பட்டியலை மறுபரிசீலனை செய்து அறிக்கை தர வேண்டும், ஆனால் தன் கையால் ஒரு தடையைச் சேர்க்க இயலாது. 2025 நவம்பரில் உயர் அபாய விதிகளின் அமலாக்கத் தேதிகளைத் தள்ளிவைக்க விரும்பியபோதும், ஆணையம் அதை முறையான சட்டத் திருத்த முன்மொழிவாகத்தான் கொண்டுவந்தது.

நீக்குவதும் சேர்ப்பதும் ஒரே எடை என்று நினைப்பதும் பிழை. ஒரு பயன்பாட்டைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், அதில் இனி குறிப்பிடத்தக்க அபாயம் இல்லை என்பதோடு, எடுப்பதால் மொத்தப் பாதுகாப்பு குறையாது என்பதும் நிலைநாட்டப்பட வேண்டும். எனக்கு இது இந்தச் சட்டத்தின் மிக நல்ல ஏற்பாடுகளில் ஒன்றாகப் படுகிறது. வேகமாக மாற்றும் அதிகாரத்தை, தளர்த்தும் குறுக்குவழியாக்க விரும்புபவர்களுக்கு இது ஒரு கடிவாளம்.

கையளிப்பு விதி அமலாகும் தேதி விஷயத்தில் தடுமாறுபவர்களே அதிகம். 'ஆணையம் ஏற்றுக்கொண்டது' என்று செய்தி வந்ததும் விதி அமலாகிவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். ஆணையம் ஏற்ற பிறகு நாடாளுமன்றத்துக்கும் மன்றத்துக்கும் ஆட்சேபிக்க மூன்று மாதம் இருக்கிறது. அவர்களில் யாரேனும் கேட்டால் இன்னொரு மூன்று மாதம் கூடும். இருவரில் ஒருவர் ஆட்சேபித்தாலும் விதி செத்தது. ஆனால் இதில் ஒரு வரியை மட்டும் திருத்தி அனுப்ப அவர்களால் முடியாது. முழுதாக விடலாம், முழுதாகத் தடுக்கலாம், அவ்வளவுதான். அதனால் வாசகத்தைப் பற்றி ஏதாவது சொல்ல நினைப்பவர்கள் வரைவு நிலையிலேயே கருத்தைத் தர வேண்டும். பிறகு எழுதும் நல்ல யோசனை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இடம் தேடி அலையும்.

வழிகாட்டுதல்களை விதியாக வாசிப்பது வேறொரு குழப்பம். 2025 பிப்ரவரியில் தடைசெய்யப்பட்ட நடைமுறைகள் பற்றியும், 'ஏ.ஐ. அமைப்பு' என்பதன் வரையறை பற்றியும் ஆணையம் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. அவை ஆணையம் சட்டத்தை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று காட்டுகின்றன. சட்டத்தின் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆணையம் பிறப்பிக்கும் செயலாக்க விதிகள் இன்னொரு தனி ரகம்: சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விவரங்களுக்கானவை. செயற்பாட்டு ஒப்பந்தத்தின் 290ஆம் பிரிவில் பிறப்பது கையளிப்பு விதி, 291ஆம் பிரிவில் பிறப்பது செயலாக்க விதி. அறிக்கையில் இரண்டையும் 'ஆணையத்தின் உத்தரவு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், எதை யார் தடுக்க முடியும் என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போகும்.

ஒப்படைத்த அதிகாரம் சாசுவதமானதும் இல்லை. 2024 ஆகஸ்ட் 1 முதல் ஐந்தாண்டுக்குத் தரப்பட்டது; யாரும் எதிர்க்காவிட்டால் அதே கால அளவுக்குத் தானாக நீளும். நாடாளுமன்றமோ மன்றமோ எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றாலும் ஏற்கெனவே அமலில் உள்ள கையளிப்பு விதிகள் செல்லும். அதிகாரம் போனதும் விதியும் போய்விட்டது என்று கோப்பை மூடிவிடக் கூடாது.

கடைசியாக, அந்த மஞ்சள் பூசிய பிடிஎஃப். ஒன்றியத்தின் சட்டங்களை வெளியிடும் யூர்-லெக்ஸ் தளத்தில் திருத்தங்களைச் சேர்த்துத் தொகுத்த பதிப்பு வெளியாகும்போது அதையே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பில் உள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மேற்கோள் காட்டும்போது அதிகாரபூர்வ இதழில் வந்த மூலத்துக்கும் திருத்த விதிக்கும் போய்விடுங்கள். தொகுத்த பதிப்பு வாசிக்கும் வசதிக்காக மட்டுமே. அதற்குச் சட்ட வலிமை கிடையாது.