எம்பிஏ இன்டர்வியூவுக்கு டை கட்டப் போறீங்களா? முதலில் காலரைப் பாருங்க

எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் டை என்பது பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோகிற சமாச்சாரம். மெட்ரிக் ஸ்கூலில் எலாஸ்டிக் வைத்த டை, காலருக்கு அடியில் கொக்கி, மாட்டிவிட அம்மா. அதற்கப்புறம் டையைப் பார்ப்பது ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளை கழுத்தில்தான். மெடிக்கலுக்கு நீட், இன்ஜினியரிங்குக்கு பிளஸ் டூ மார்க், கவுன்சலிங் என்று போய்விடுவதால், எதிரே நாலு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்கிற கட்டமே நம் பிள்ளைகளுக்கு வருவதில்லை. எம்பிஏ என்று கிளம்பினால்தான் வருகிறது. நவம்பரில் கேட் (CAT) என்கிற எம்பிஏ நுழைவுத்தேர்வு எழுதியவனுக்கு பிப்ரவரி, மார்ச் வாக்கில் இன்டர்வியூ இருக்கும். கால் லெட்டரில் ‘ஃபார்மல்ஸ்’ என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டதும் எனக்கு போன் வந்துவிடும்: “அண்ணா, என்ன கலர் டை?”

கலரில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. நான் சொதப்பியது காலரில்.

காலேஜ் கடைசி வருஷ ஃபேர்வெலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. இரண்டு வருஷத்தில் கழுத்து கொஞ்சம் பருத்திருந்தது. மேல் பட்டன் போட்டால் மூச்சு முட்டியது. டைதான் மறைத்துவிடுமே என்று பட்டனைப் போடாமல் விட்டு, முடிச்சை மேலே ஏற்றி இறுக்கிக்கொண்டு பெங்களூரில் ஒரு கல்லூரிக்குப் போய் உட்கார்ந்தேன். டை எதையும் மறைக்காது. பட்டன் போடாத காலர் இரண்டு பக்கமும் விலகும், முடிச்சு நழுவி ஒரு பக்கம் சாயும், நடுவில் வெறும் கழுத்து தெரியும். பேசப்பேச அது இறங்க, என் கை அதை ஏற்ற, இதே வேலையாக இருந்தது. எதிரே இருந்த மூன்று புரொபசர்களில் ஒருவர்கூட டை கட்டவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கடைசியில் ஒருவர், தொந்தரவாக இருந்தால் கழற்றி வைத்துவிடலாம், பரவாயில்லை என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அதற்கப்புறம் அவர் கேட்ட எந்தக் கேள்வியும் என் காதில் ஏறவில்லை. (சீட் கிடைக்கவில்லை. பழி முழுக்க டைமேல் இல்லை. எதற்கு எம்பிஏ என்ற கேள்விக்கே உளறினேன்.)

அதனால் டை வாங்குவதற்கு முன்னால் சட்டை. மேல் பட்டனைப் போட்டுவிட்டு காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரலை விடுங்கள். சுலபமாக நுழைந்தால் சரி. நுழையவில்லை என்றால் அந்தச் சட்டை தம்பிக்கு. பிராண்ட் ஃபார்மல் சட்டைகளில் 39, 40, 42 என்று போட்டிருப்பதைப் பெரும்பாலும் மார்பு இன்ச் என்று நினைத்துக்கொள்கிறோம்; பல கம்பெனிகளில் அது காலர் சுற்றளவு, சென்டிமீட்டரில். கடையில் டேப்பைக் கழுத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுக்கை சட்டையாகவே எடுங்கள். அரைக்கைக்கு டை கட்டினால் பழைய மெட்ரிக் ஸ்கூல் ஞாபகம்தான் வரும்.

அடுத்த தப்பு, முடிச்சை அடுத்தவரிடம் விடுவது. ஜிப் வைத்த ரெடிமேட் டை வாங்குகிறார்கள், இல்லை என்றால் மாமா கட்டிக்கொடுத்ததை அவிழ்க்காமல் தலைவழியாக மாட்டிக்கொள்கிறார்கள். ஜிப் டையின் முடிச்சு செதுக்கிய மாதிரி ஒரே அளவாக இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். மாமா முடிச்சு வழியில் இறுகினாலோ அவிழ்ந்தாலோ மாமா பஸ்ஸில் கூட வரமாட்டார்.

நம்ம ஊரில் டை கட்டத் தெரிந்தவர்கள் யார் தெரியுமா? மெடிக்கல் ரெப்கள். தினமும் கட்டுகிறவர்கள் அவர்கள்தான். எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அரசு மெடிக்கல் காலேஜ் பக்கம் டீக்கடையில் பழக்கமான ஒரு ரெப் அண்ணன்தான். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தன் டையை உருவி என் கழுத்தில் போட்டார். அகல முனை வலப்பக்கம், ஒல்லி முனை இடப்பக்கம். அகலத்தை ஒல்லிக்கு மேலே குறுக்காகப் போட்டு, அடிவழியாகக் கொண்டுவந்து, மறுபடி முன்பக்கம் ஒரு சுற்று. பிறகு கழுத்தடியிலிருந்து மேலே எடுத்து, முன்னால் விழுந்திருக்கும் சுற்றுக்குள் இறக்க வேண்டியது. அவ்வளவுதான். ஃபோர் இன் ஹேண்ட் என்பார்கள். முடிச்சு லேசாகக் கோணலாக வரும். அது குறையில்லை, அதன் சுபாவமே அப்படி. “இறுக்கும்போது முடிச்சுக்குக் கீழ ஆள்காட்டி விரலால ஒரு பள்ளம் விடு தம்பி, அப்பதான் துணி தொங்காம நிக்கும்” என்றார். பைக் எடுக்கும்போது டையின் வாலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார், காற்றில் முகத்தில் அடிக்காமல் இருக்க.

ஒருநாள் கற்றுக்கொண்டால் போதாது. இன்டர்வியூவுக்கு முன்னால் ஒரு வாரம் வீட்டில் தினமும் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள், சாப்பிடுங்கள், சத்தமாகப் பேசுங்கள். தங்கச்சி சிரிப்பாள், சிரிக்கட்டும். கழுத்தில் ஒன்று இருப்பதே மறந்து போக வேண்டும்.

நீளம்: டையின் கூர்முனை பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். தொப்புளுக்கு மேலே நின்றாலும் தப்பு, ஜிப்புக்குக் கீழே இறங்கினாலும் தப்பு. சாதாரண டை சுமார் 58 இன்ச் இருக்கும். ஐந்தடி நாலு அங்குல ஆளுக்கு அது பெரும்பாலும் கீழே இறங்கிவிடும்; ஆரம்பிக்கும்போதே ஒல்லி முனையை இன்னும் தாழ்த்திவிடுங்கள், மிஞ்சுகிற வாலைச் சட்டைக்குள் தள்ளிவிடலாம். இன்னும் நீளம் என்றால் வின்ட்சர் முடிச்சு துணியை அதிகம் சாப்பிடும். ஆனால் குட்டிக் காலருக்கு அது தேங்காய் மாதிரி இருக்கும்.

அண்ணன் ரிசப்ஷன் டையைக் கடன் வாங்காதீர்கள். கோட்டோடு செட்டாக வந்த பளபளா மெரூன், கூடவே கல் பதித்த பின். மேடை வெளிச்சத்துக்குச் செய்தது, பகல் வெளிச்சத்தில் கண்ணைக் குத்தும். பட்டு என்று சொல்லியிருப்பார்கள், நம்பாதீர்கள். பட்டுப்புழு வளர்க்கிற மாவட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: உள்மடிப்பிலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்தினால், பட்டு தலைமுடி கருகுகிற நாற்றத்தோடு பொடியாகும், பாலியெஸ்டர் உருகி, கெட்டியான மணியாகும். அதற்காகப் பட்டு டையே வேண்டும் என்றும் இல்லை. மின்னாத பாலியெஸ்டர் போதும், அகலம் மூன்று இன்ச் வாக்கில். இஸ்திரி போடும்போது மேலே ஒரு துணி வையுங்கள், சூடு ஏறினால் பாலியெஸ்டர் இளகிவிடும்.

கலர் கேட்டீர்களே: வெள்ளை அல்லது வெளிர்நீலச் சட்டை, அதைவிட அடர்த்தியான டை. நேவி புளூ, மெரூன். வெள்ளைச் சட்டைக்குத் தனிக் கறுப்பு டை வேண்டாம், ஓட்டல் ரிசப்ஷன் ஆள் மாதிரி இருக்கும். பெண்களுக்கு டை தேவையே இல்லை. புடவையும் சல்வாரும் ஃபார்மல்ஸ்தான்.

விடியற்காலை பஸ் ஏறுகிறவர்கள் டையைக் கட்டிக்கொண்டு ஏறாதீர்கள். கிருஷ்ணகிரியில் இட்லி சாம்பார், ஓசூரில் டீ, அத்திப்பள்ளி டிராஃபிக்கில் தூக்கம். இவ்வளவையும் தாண்டி பெங்களூர் சில்க் போர்டு ஸ்டாப்பில் இறங்கும்போது டை டையாக இருக்காது. ஒல்லி முனையிலிருந்து சுருட்டி, காலி டிபன் பாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். நசுங்காது. (பாக்ஸை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். ஒருத்தன் டை லெமன் சாதம் வாசத்தோடு போனது.) இறங்கி, முகம் கழுவி, பிறகு கட்டுங்கள்.

வேலை முடிந்ததும் கட்டிய வழியிலேயே திரும்பி அவிழ்க்க வேண்டும். ஒல்லி முனையைப் பிடித்து வெடுக்கென்று உருவினால் உள்ளே இருக்கும் கெட்டித்துணி முறுக்கிக்கொள்ளும். பென்னாகரத்துப் பையன் ஒருவனுக்கு இதை இரண்டு தடவை சொல்லித்தான் என் நேவி புளூ டையைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அது முடிச்சோடு, நாலாக மடிந்து, அவன் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. “நல்லா போச்சுண்ணா” என்றான். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.