கதைக்குக் கரு வேண்டுமா, பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள்

எழுத உட்காரும்போது "எதைப் பற்றி எழுதலாம்?" என்று கேட்டுக்கொள்கிற ஆளா நீங்கள்? பாதிச் சிக்கல் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அதற்கு மனசு தரும் பதில் எல்லாம் பெரிய பெரிய சொல்லாகத்தான் வரும். தனிமை, காதல் தோல்வி, முதுமை, அம்மா. முதல் மூன்று வருஷம் நானும் இப்படித்தான் எழுதினேன், தனிமையைப் பற்றி மட்டும் ஏழு கதை, ஏழிலும் ஒருவன் ஜன்னல் ஓரமாக நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்த கதையின் ஓரத்தில் பென்சிலால் "இவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று மட்டும் யாரோ எழுதியிருந்தார்கள். கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். எந்த இடம், எந்த நேரம், அங்கே என்ன பொருள் கிடக்கிறது, இவ்வளவுதான் கேட்பேன். நான் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை இது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோனோமே, முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள், அதேதான். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதல் என்கிறது. அந்த நிலத்து மரம், பறவை, உணவு, தொழில், பறை இதெல்லாம் கரு. பிரிவு, காத்திருப்பு, ஊடல் என்கிற மனசு சமாச்சாரம் கடைசியில் உரியாக வருகிறது. மூன்றில் உரிதான் சிறந்தது என்று உரைகாரர்கள் சொல்வார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், இன்றைக்கு நாம் "கதையின் கரு" என்று உணர்ச்சியைச் சொல்கிறோம், அவர்கள் கரு என்று சொன்னது கையால் தொடக்கூடிய பொருளை. எழுதுகிறவன் கைக்கு முதலில் அகப்படுவதும் அதுதான்.

எப்படிச் செய்வது? பாலைக்குச் சொன்ன பொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிதல். சரி, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு வெளியூர் பஸ் நிலையத்தில் போய் நில்லுங்கள், அல்லது நின்ற நினைவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிவைப் பற்றி ஒரு சொல்கூட யோசிக்காமல், கண்ணில் பட்ட பத்துப் பொருளை எழுதுங்கள். மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப் பிஞ்சு, மஞ்சள் பை, தண்ணீர் பாக்கெட், டிரைவர் சீட்டுக்கு மேலே காய்ந்துபோன மாலை, ஜன்னல் வழியாக உள்ளே வீசி இடம் பிடித்த ஒரு துண்டு. ஒன்பது சாதாரணமாகத்தான் இருக்கும், பத்தாவது உங்களை நிறுத்தும். என்னை நிறுத்தியது அந்தத் துண்டு. யாருக்காகவோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், பஸ் கிளம்பிவிட்டது, அந்த ஆள் இன்னும் வரவில்லை, நிற்கிறவர்கள் எல்லாரும் சீட்டையே பார்க்கிறார்கள். துண்டை எடுக்க வேண்டிய கை யாருடையது? பிரிவு தானாக வந்து உட்கார்ந்துவிட்டது, நான் கூப்பிடவே இல்லை.

பத்துப் பொருள் என்றால் பத்தும் எழுத வேண்டும், மூன்றோடு நிறுத்தினால் பலிக்காது. முதல் நான்கைந்து எல்லாருக்கும் தோன்றுகிறவை.

வெளியே போக முடியாதவர்கள் வீட்டிலேயே தேடலாம், அதுவும் பரணில். நம் வீட்டுப் பாத்திரங்களில் பேர் வெட்டியிருப்பார்கள் இல்லையா, யார் கொடுத்தது, எந்த விசேஷத்துக்கு, சிலதில் தேதியும்கூட. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பேர் ஒன்றாவது இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பில் "மு.சி." என்று இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் அந்த எழுத்துக்குப் பொருந்துகிற ஆள் யாரும் இல்லை. அம்மாவிடம் கேட்டால் "அது வந்ததுதான்" என்பாள், வந்தது எங்கிருந்து என்று அடுத்துக் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அப்புறம் மொய் நோட்டு. இதைவிட நல்ல புதையலை நான் பார்த்ததில்லை. பேர், ஊர், தொகை என்று மூன்றே விவரம்தான், ஆனால் இரண்டு விசேஷத்து நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நோட்டில் 101 எழுதியவர் அடுத்ததில் 51 எழுதியிருப்பார், நடுவில் அவருக்கு என்ன ஆனது? ஒரு பேர் அடுத்த நோட்டில் இல்லவே இல்லை. ஒரு பேர் எழுதி அடித்திருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துவார்கள், கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே பந்தல் போட்டு ஆட்டுக்கறிச் சாப்பாடு. வாங்கிய பணம் கடன் மாதிரி, அடுத்தவர் விருந்துக்குப் போய்த் திருப்பி வைக்க வேண்டும். திருப்பி வைக்க முடியாத ஒரு ஆள், பத்திரிகை வீடு தேடி வந்துவிட்டது, விருந்துக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்று வையுங்கள். இதற்கு மேல் நான் சொல்லித்தரத் தேவையில்லை.

காகிதம் என்று எடுத்தால் எனக்குப் பிடித்தது வில்லங்கச் சான்று. சிரிக்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், உங்கள் குடும்பத்து நிலம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்தது, எந்தக் கிராமம், சர்வே எண் என்ன என்று தெரிந்தால் போதும். கிரயம், அடமானம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று ஒரு துண்டு நிலத்தைச் சுற்றி முப்பது வருஷம் யார் யார் என்ன செய்தார்கள் என்பது உணர்ச்சியே இல்லாத மொழியில் வரிசையாக இருக்கும். அந்த வறட்சிதான் எழுதுகிறவனுக்கு வேண்டியது, உணர்ச்சியை நிரப்புகிற வேலை நமக்கு மிச்சம் இருக்கிறதே. 'விடுதலைப் பத்திரம்' என்ற சொல்லையே பாருங்கள். பெரும்பாலும் அக்கா தங்கைகள் சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுப்பது. எதிலிருந்து யாருக்கு விடுதலை?

இங்கே கொஞ்சம் சட்டத்தையும் சேர்த்துக்கொண்டால் கதை எப்படித் திறக்கிறது என்று காட்டுகிறேன். பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பாகம் மகளுக்கும் உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 1989 மார்ச் 25 முதல் அமல். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அந்த உரிமை கிடையாது (2005-இல் நாடு முழுக்க வந்த திருத்தத்தில் இப்படி ஒரு பிரிவினை இல்லை). இப்போது ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் மாசியில் பெரியவளுக்குக் கல்யாணம், வைகாசியில் சின்னவளுக்கு. ஒரே வீடு, ஒரே பந்தக்கால்காரர், நகைகூட ஒரே கடையில் எடுத்திருப்பார்கள். ஆறேழு வருஷம் கழித்து அப்பா இருக்கும்போதே பாகம் பிரிக்கிறார்கள். தம்பி சின்னவளைத்தான் பதிவு அலுவலகத்துக்குக் கூப்பிடுகிறான், அவள் எழுதிக் கொடுத்தால் போதும். பெரியவளைக் கூப்பிடக்கூட வேண்டியதில்லை, விட்டுக்கொடுப்பதற்கே அவளுக்கு ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் சின்னவள் அக்கா வீட்டுக்குப் போகிறாளா, போனால் கையில் என்ன வாங்கிக்கொண்டு போகிறாள்?

இதில் "பெண்ணுரிமை" என்ற சொல்லை நான் எங்கேயும் பயன்படுத்தவில்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். பெண்ணுரிமை பற்றி ஒரு கதை எழுதலாம் என்று உட்கார்ந்திருந்தால் மேடைப்பேச்சுதான் வந்திருக்கும்.

காதால் சேர்ப்பது இன்னொரு வழி. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவது நமக்கு ஒரு பக்கம்தான் கேட்கும், அது நல்லதுக்கே. வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு பக்கத்தை எழுதிவிட்டு மறுபக்கத்தை நீங்களே நிரப்புங்கள். கேட்டதைச் சுருக்கி எழுதக் கூடாது, இது முக்கியம். "ஒரு பெண் மருமகளைக் குறை சொன்னாள்" என்று எழுதினால் நாளைக்கு அதில் ஒன்றும் இருக்காது. "நான் போட்ட காபிய குடிச்சிட்டுத்தான்டி போனா, ஆனா டம்ளர கழுவி வச்சிட்டுப் போனா" என்று அந்தம்மா சொன்னது சொன்னபடி இருந்தால், கழுவி வைத்த டம்ளர் ஏன் குற்றமானது என்று ஒரு வாரம் மண்டையைக் குடையும்.

சாவு போஸ்டர், பேப்பரில் மூன்று வரிச் செய்தி, அரசிதழில் வரும் பெயர் மாற்ற அறிவிப்பு இவையும் உதவும். கண்ணீர் அஞ்சலியில் யார் பேர் விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பழைய காலம் எழுத ஆசை என்றால் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதியது. ராஜா ராணிக் கதைகளில் அகப்படாத கப்பல் வரவும் கடன் வசூலும் ஊர் வம்பும் அதில் இருக்கின்றன. மற்றபடி "எழுத ஒரு ஐடியா சொல்லு" என்று போனைக் கேட்காதீர்கள். ரயில் நிலையம், மழை, பழைய கடிதம் என்று எல்லாருக்கும் ஒரே தட்டில்தான் பரிமாறும். என் ஜன்னல்காரன் அங்கேதான் குடியிருக்கிறான்.

சரி, பொருள் கிடைத்துவிட்டது. அது கதை ஆகுமா, வெறும் வர்ணனையாகப் போகுமா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: ஏன் இன்றைக்கு? துண்டு இன்றைக்கு ஏன் எடுக்கப்பட வேண்டும், மொய்யை ஏன் நாலு நாளைக்குள் வைக்க வேண்டும். பதில் இருந்தால் எழுத ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் நோட்டிலேயே கிடக்கட்டும், இன்னொரு பொருள் வந்து மோதுகிறவரை. என் அனுபவத்தில் ஒற்றைப் பொருளில் கதை எழுந்தது குறைவு, இரண்டு சேரும்போதுதான் சூடு பிடிக்கிறது. அதனால்தான் நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் என்று எழுதிக் கீழே இடம் விட்டு வைப்பேன். போனில் எழுதலாமா என்றால் எழுதுங்கள், ஆனால் நான் இரண்டு வருஷத்துக் குறிப்பைப் போனோடு சேர்த்து ஒரு ஆட்டோவில் விட்டவன்.

எழுதி முடிக்கிறவரை யாரிடமும் கதையைச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் எழுதின திருப்தி வந்துவிடுகிறது, அப்புறம் கை ஓடாது.

இன்னொன்று, பட்டுச் சொல்கிறேன். வீட்டு விஷயத்தை எடுத்தால் பேரை மட்டும் மாற்றினால் போதாது. ஒரு கதையில் பேர், ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றினேன், ஆனால் அந்த அம்மாள் மூக்குப்பொடி டப்பாவை இடுப்பில் சொருகும் விதத்தை அப்படியே விட்டுவிட்டேன், பெரியம்மா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. ஆளை அடையாளம் காட்டுவது அந்தச் சின்னப் பொருள்தான். கதைக்கு எது உயிரோ அதுவே சொந்தக்காரர்களுக்குச் சாட்சியமாகிவிடுகிறது, ஆகவே டப்பாவை வைத்துக்கொண்டு இடுப்பை மாற்றுங்கள், மாமாவுக்குக் கொடுங்கள், பக்கத்து வீட்டு வாத்தியாருக்குக் கொடுங்கள்.

மு.சி. சொம்பு என் நோட்டில் ஆறு வருஷம் கிடந்தது. ஏன் இன்றைக்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை. போன பொங்கலுக்கு அம்மா பாத்திரம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து அலமாரியில் அடுக்கினாள். எல்லாப் பாத்திரத்திலும் பேர் முன்பக்கம் தெரிய, சொம்பை மட்டும் எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். அன்று ராத்திரி முதல் பத்தி எழுதினேன்.