21ஆம் நாளில் எதுவும் நடப்பதில்லை

நாளை முதல் நடைப்பயிற்சி என்று முடிவெடுப்பவர், காலணி வாங்குவதற்கு முன்பே மனத்துக்குள் ஒரு கணக்கைப் போட்டுவிடுகிறார்: 21 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டால் பிறகு தானாக வந்துவிடும். முதல் தவறு இந்தக் கணக்கை நம்புவதுதான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், முகச் சீரமைப்பு செய்துகொண்டவர்கள் தம் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்களாவது ஆகின்றன என்று 1960இல் எழுதினார். அவர் பேசியது கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பற்றியே அன்றி, விடியற்காலையில் எழுவதைப் பற்றி அன்று. வாய்க்கு வாய் பரவியபோது ‘குறைந்தது’ என்ற சொல்லும் உதிர்ந்துவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து, 2009இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுத்த ஒரு சிறு செயலை நாள்தோறும் ஒரே சூழலில் செய்தனர். அது யோசிக்காமலே செய்யும் பழக்கமாக நிலைபெற நடுத்தரமாக 66 நாட்கள் ஆகும் என்றும், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். நாம் சொல்லும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள்கூட, பலருக்குப் போதாது. ஆனால் மண்டலக் கணக்கில் மருந்து கொடுப்பவர்கள் நாளை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, தேனிலா வெந்நீரிலா என்று வேளையையும் விதத்தையும் சேர்த்தே சொல்லுவார்கள். பழக்கத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த வேளைதான் என்பது என் எண்ணம்.

ஆகவே ‘நேரம் கிடைக்கும்போது செய்துகொள்ளலாம்’ என்பதையே எல்லாவற்றிலும் பெரிய தவறாகச் சொல்வேன். முதுகுவலிக்காக எனக்குக் கற்றுத்தரப்பட்ட நான்கு பயிற்சிகள் இரண்டு மாதம் அப்படித்தான் கிடந்தன. நேரம் கிடைத்தது, பயிற்சி நினைவுக்கு வரவில்லை. பின்னர் அவற்றைக் காலைக் காப்பியோடு முடிந்துவைத்தேன். ஃபில்டரில் வெந்நீரை ஊற்றி மூடியபின் டிகாக்‌ஷன் இறங்கக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை அடுப்படியில் வெறுமனே நின்றுகொண்டிருந்தவன், இப்போது கீழ்ப்பாத்திரத்தில் முதல் சொட்டுகள் விழும் ஓசை கேட்டதும், கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கும் பாயை எடுத்து விரித்துவிடுகிறேன். மன உறுதி கூடவில்லை, பாய் இருக்கும் இடம்தான் மாறியது.

அளவைப் பெரிதாக வைப்பதும் நம் வழக்கமான சறுக்கல். தினமும் 10,000 அடி நடக்க வேண்டும் என்ற இலக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிட மிதமான உடலியக்கமாவது வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது நாளைக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள்.

ஒரு நாள் தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று கைவிடுவது இன்னொன்று. கல்யாண வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்புகிறோம், புதன்கிழமை ஆகியிருக்கிறது. ‘இனித் திங்கட்கிழமையிலிருந்து பார்ப்போம்’ என்று தள்ளிவைத்த அந்த நான்கு நாளில்தான் பழக்கம் கைநழுவுகிறது. ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பில்லை என்றே மேற்சொன்ன ஆய்வும் கண்டது. விட்டதைச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாகச் செய்வதும் வேண்டாம். அன்று உண்டாகும் உடல்வலி அதற்கடுத்த நாளையும் விழுங்கிவிடும்.

வெளியூர் போகும்போது எனக்கு ஃபில்டர் ஓசை கிடையாது. அங்கே கீசர் சுவிட்சைப் போட்டுத் தண்ணீர் சூடேறும் வரை என்று வேளையை மாற்றி வைத்திருக்கிறேன். அதிலும் பாதி நாள், குளித்துத் தலை துவட்டும்போதுதான் பயிற்சி நினைவுக்கு வருகிறது.