சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லாமல் பிள்ளை வளர்ப்பது எப்படி

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும், அடுத்தவர் பொருளைத் தொட்டால் சாமி கண்ணைக் குத்தும். நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். எங்கள் வீட்டில் நானும் வீட்டுக்காரரும் சாமி கும்பிடுவதில்லை. பெரியவள் பிறந்ததிலிருந்தே சொந்தபந்தம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பயமே இல்லாம வளந்தா ஒழுக்கம் எங்கிருந்தும்மா வரும்?" மகள் இப்போது பதினொன்றாவது, மகன் ஆறாவது. எங்களைப் போலவே சாமி கும்பிடாத இளம் பெற்றோர் சிலர், என்ன செய்கிறீர்கள் என்று விசாரிப்பதால் இதை எழுதுகிறேன். கும்பிடுகிறவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கும்.

செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். சாமியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பூச்சாண்டியை உட்கார வைக்காதீர்கள். போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும், கேமராவுல தெரிஞ்சிடும், மிஸ்கிட்ட சொல்லிடுவேன், நாலு பேர் என்ன நினைப்பாங்க, இவையெல்லாம் அதே கண்குத்தல்தான். இப்படி வளர்கிற பிள்ளை மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும். கேமரா இல்லாத இடம் எது என்பதும் அதற்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

அதற்குப் பதிலாக, இதனால் யாருக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். மகள் சின்னவளாக இருந்தபோது தெருமுனைத் தள்ளுவண்டியில், காய்த் துருவல் வைத்துத் தரும் தட்டுவடை செட் வாங்கிவர அனுப்பினேன். இருநூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு ஐந்நூறுக்கான மீதியோடு வந்தாள். கையில் பணத்தைப் பிடித்தபடி, "நான் திருப்பிக் குடுக்கலேன்னா என்னம்மா ஆகும்?" என்றாள். "உனக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. அந்த அண்ணனுக்குத்தான் ஆகும்" என்றேன். "என்ன ஆகும்?" "ராத்திரி கல்லாவை எண்ணுவாரு, முந்நூறு குறையும். எங்க போச்சுன்னு தெரியாது. காலையில பீட்ரூட், கேரட், வெங்காயம் வாங்கணும்ல." கொஞ்ச நேரம் நின்றாள். செருப்பு மாட்டிக்கொண்டு தானாகவே போனாள்.

இந்தப் பேச்சில் முக்கியமான வரி 'உனக்கு ஒண்ணும் ஆகாது' என்பதுதான். அதைச் சொல்லப் பயப்படாதீர்கள். உனக்கு ஏதாவது ஆகும் என்று பிள்ளையை மிரட்டினால் அது தன்னைப் பற்றி மட்டுமே யோசிக்கும். உனக்கு எதுவும் ஆகாது, இன்னொருவருக்கு ஆகும் என்று சொன்னால்தான் இன்னொரு ஆளே அதன் கண்ணுக்குத் தெரிவார். ஐந்தாறு வயதில் இது புரியாது என்பார்கள். புரியும். பக்கத்துப் பிள்ளை அழுதால் தன் கையில் இருக்கும் பிஸ்கட்டை நீட்டுகிற வயது அதற்கும் முந்தியது.

முகம் தெரிந்தவருக்கு நேர்மையாக இருப்பது சுலபம். தெரியாதவரை எப்படிக் கண்முன் கொண்டுவருவது? இதற்கு உங்கள் தொழிலையே பாடமாக்குங்கள். எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்ன வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வியாபாரி கட்டி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். உருக்கி, கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, மெருகு போட்டு, சேதாரம் போக மீதியைக் கொலுசாக எடை போட்டுத் திருப்ப வேண்டும். எவ்வளவு சுத்தம் என்பதை டச் கணக்கில் சொல்வோம். எண்பது டச் என்றால் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி, மீதி செம்பு முதலானவை. வெள்ளி குறைவாக இருக்கும் பற்றவைக்கிற பொடியைக் கொஞ்சம் தாராளமாகத் தூவினால் எடை ஏறும், வெள்ளி மிச்சமாகும். மெருகு போட்ட பிறகு வெறும் கண்ணால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு கொலுசை மகன் கையில் கொடுத்து, இதை யார் போடுவார்கள் என்று கேட்டேன். சேலத்துக் கொலுசு வெளிமாநிலங்களுக்கெல்லாம் போகிறது என்று அவனுக்குத் தெரியும். ஏதோ ஒரு ஊரில் ஒரு அக்கா, என்றான். அந்த அக்கா சீட்டுக் கட்டி இதை வாங்கியிருப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் இதை விற்கப் போவாள். கடைக்காரர் உருக்கிப் பார்த்துவிட்டு, நீ நினைத்ததில் முக்கால் பங்குதான் வெள்ளி என்பார். யார் ஏமாற்றினார்கள் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது, நம் பெயர்கூடத் தெரியாது. இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னேன். இப்போது மகன் பொடி டப்பாவைப் பார்த்தால், "அந்த அக்காவுக்குச் சரியா இருக்காம்மா?" என்று கேட்கிறான். நீங்கள் பால் ஊற்றுகிறவராக இருக்கலாம், ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கலாம், மருந்துக்கடை வைத்திருக்கலாம். எந்தத் தொழிலிலும் கண்ணுக்குத் தெரியாத அப்படி ஓர் ஆள் இருப்பார். பிள்ளைக்கு அவரைக் காட்டுங்கள்.

பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும், "ஆனா சாமி சொன்னதாலதானே அது தப்பு?" என்று பள்ளியிலிருந்து கேட்டுக்கொண்டு வரும். அப்போது திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள்: சாமியே நேரில் வந்து, காரணமே இல்லாமல் அந்தக் குழந்தையை அடி என்று சொன்னால் அடிப்பாயா? மாட்டேன் என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும். சாமி அப்படிச் சொல்லவே சொல்லாது என்றும் சில பிள்ளைகள் சொல்லும். சொல்லாது என்று உனக்கு எப்படித் தெரியும்? குழந்தையை அடிப்பது தப்பு என்பது உனக்கு முன்பே தெரிந்திருப்பதால்தானே? நல்லது என்பதால் கடவுளுக்குப் பிடிக்கிறதா, கடவுளுக்குப் பிடிப்பதால் நல்லதாகிறதா என்று சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளாட்டோ எழுதிவைத்து ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளிடம் சாக்ரடீஸ் பெயரெல்லாம் வேண்டாம், கேள்வி போதும்.

தப்பு நடந்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் வீட்டில் ஒரு வழி வேண்டும். கோயிலுக்குப் போகிற வீட்டில் உண்டியல், நேர்த்திக்கடன், மொட்டை எல்லாம் உண்டு; மனபாரம் இறங்கும். நம் வீட்டில் அது கிடையாது. அதனால் கணக்கு முழுவதும் பாதிக்கப்பட்டவரிடம்தான். யார் பொருளை உடைத்தாயோ அவரிடம் போ. யாரைப் பற்றிப் பொய் சொன்னாயோ, அந்தப் பொய்யைக் கேட்டவர்களிடம் போய் உண்மையைச் சொல். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டால் கணக்கில் சேராது. வாசல்வரை கூடப் போங்கள், பேசுவது பிள்ளையாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி வேறு. கெட்டவர்களை யார் தண்டிப்பது? அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்று நாம் சொல்லமுடியாது. உண்மையைச் சொல்லுங்கள்: சில பேருக்குத் தண்டனை கிடைப்பதே இல்லை. இது பிள்ளைக்கு வலிக்கும், வலிக்கட்டும். ஆனால் அதோடு விட்டுவிடாமல் அடுத்த வரியையும் சொல்லுங்கள்: அதனால்தான் நாம் கேட்க வேண்டும்.

எங்கள் தெருவில் வீட்டிலிருந்தபடி கண்ணி கோத்துக் கொடுக்கும் ஓர் அக்காவுக்குக் கூலி பாக்கி நின்றுகொண்டே போனது. வேலை கொடுத்தவர் இன்று நாளை என்று இழுத்தார். தெருவில் எல்லாரும், "விடு, அவனை ஆண்டவன் பாத்துக்குவான்" என்றார்கள். அந்த வார்த்தையில் ஆறுதல் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது கூலிக்காரிக்குக் காசு வாங்கித் தராது. அக்கா எடை எழுதி வைத்திருந்த கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் பெண்கள் சிலர் சேர்ந்து போனோம். மகளையும் கூட்டிப்போனேன். அவள்தான் நோட்டைத் தேதிவாரியாகப் படித்தாள். அவர் கோபப்பட்டார், உட்காரக்கூடச் சொல்லவில்லை. பாதிப் பணம் அன்றைக்கே வந்தது, மீதி தீபாவளிக்கு முன்னால் வந்தது. மேலே கேட்பார் யாரும் இல்லை என்று நம்புகிறவர்கள் கீழே கேட்பவர்களாக இருந்தாக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகள் கற்றுக்கொண்டால்கூட எனக்குப் போதும்.

சாமி இல்லை என்று சொல்லிவிட்டால் மட்டும் யாரும் நல்லவராகிவிட மாட்டார்கள். மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டு, வீட்டில் சாதி பார்த்துப் பெண் கொடுக்கிறவர்களை நம் ஊரில் நிறையவே பார்க்கலாம். பட்டறைக்கு வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிற வீட்டில் பெரியார் படம் மாட்டி என்ன பயன்? பக்தி தனிச்சொத்து, ஒழுக்கம் பொதுச்சொத்து என்றார் பெரியார். பக்தி இல்லாவிட்டால் நட்டமில்லை, ஒழுக்கம் இல்லாவிட்டால் எல்லாமே பாழ் என்றும் சொன்னார். இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறோம். ஆகவே பிள்ளைகள் முன்னால் உங்கள் வீட்டு டம்ளரை, உங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சை, வேலைக்காரரை நீங்கள் கூப்பிடும் விதத்தைச் சரிபாருங்கள். பிள்ளைகள் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் எங்கிருந்தோ வந்த புதுப் பழக்கம் என்று பிள்ளை நினைக்க வேண்டாம். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 ஆகஸ்ட் மாநாடு நடந்தது நம் சேலத்தில்தான். அதற்கும் பல நூற்றாண்டு முந்தி, படைத்த கடவுள் என்று ஒருவரை வைக்காமலேயே கொல்லாமை, திருடாமை, பொய்யாமையைக் கண்டிப்பாகச் சொன்ன பௌத்தமும் சமணமும் இந்த மண்ணில் இருந்தவை. ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் உட்கார்ந்திருக்கும் புத்தர் சிலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.

சாமியை வைத்துச் சத்தியம் செய்யாமல் வாக்கு எப்படிக் கொடுப்பது என்றும் கேட்பார்கள். சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி கூறலாம். பொய் சாட்சிக்குத் தண்டனை இருவருக்கும் ஒன்றுதான். மந்திரிகளும் எம்எல்ஏக்களும் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று சொல்லிப் பதவியேற்கலாம். ஐயரும் அக்கினியும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் அண்ணா ஆட்சியில் 1967-ல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தால் செல்லுபடியாகிறது. எங்கள் கல்யாணம் அப்படி நடந்ததுதான்.

சாவைப் பற்றிக் கேட்டால் சாமிகிட்டப் போயிட்டாங்க என்று சமாளிக்க வேண்டாம். என் மாமனார் இறந்தபோது கண்களைக் கொடுத்தோம். ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும், அதுவரை இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். தாத்தா எங்கே என்று மகன் கேட்டதற்கு, தாத்தா இனி இல்லை, அவர் கண்ணால் யாரோ பார்ப்பார்கள் என்று இதையே சொன்னோம். அழுதான், தூங்கினான், மறுநாளும் கேட்டான், மறுபடியும் அதையே சொன்னோம்.

வீட்டில் கும்பிடுகிற பெரியவர்கள் இருந்தால் அவர்களைப் பிள்ளைகள் கிண்டல் செய்ய ஒருபோதும் விடாதீர்கள். என் அத்தை, பிள்ளைகளுக்கு ஆயா, கோட்டை மாரியம்மனுக்கு உயிரையே கொடுப்பார். ஆடி மாதம் சேலமே மாரியம்மன் பண்டிகையில் இருக்கும்போது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவதில்லை. அத்தை கூழ் ஊற்றும்போது பிள்ளைகள் சொம்பு எடுத்துக் கொடுப்பார்கள், குகை என்கிற பகுதியிலும் செவ்வாய்ப்பேட்டையிலும், சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை பார்க்க எல்லாரும் போவோம். பசித்தவருக்குக் கூழ் ஊற்றும் அத்தையின் கையும், கூலிக்காக நோட்டைப் படித்த மகளின் வாயும் செய்கிற வேலை ஒன்றேதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆயா ஏன் திருநீறு பூசுறாங்க என்று கேட்டால், ஆயாவிடமே கேட்கச் சொல்லுங்கள். அவருடைய நம்பிக்கைக்கு நீங்கள் உரை எழுத வேண்டாம்.

பிள்ளையே ஒருநாள் கும்பிட ஆரம்பித்தால்? பரீட்சை நேரத்தில் மகள் ஆயாவோடு கோயிலுக்குப் போகிறேன் என்றாள். வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எத்தனை மணிக்கு வரணும் என்று கேளுங்கள். வாதம் செய்யாதீர்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நேர்மையாக இருக்கிறாளா, மற்றவரை மதிக்கிறாளா என்பதை மட்டும் முன்போலவே பார்த்துவாருங்கள்.