மீன் மின்ன வேண்டும், பாசி படரக் கூடாது: தொட்டி விளக்கைத் தேர்வது எப்படி?

நியான் டெட்ரா என்னும் சிறு தொட்டி மீனின் பக்கவாட்டில் ஓடும் நீலக் கோட்டில் நீல நிறமி எதுவும் இல்லை. தோலில் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் குவானின் படிகங்கள் தம்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அது மின்னுகிறது. எனவே, இன்னும் பெரிய விளக்கு வாங்கும் முன், இருக்கும் விளக்கின் இடத்தை மாற்றிப் பாருங்கள். விளக்கு தொட்டியின் பின்பக்கம் இருந்தால் ஒளி மீனின் மறுபக்கத்தில் விழுந்து, நம் கண்ணுக்கு அதன் நிழல் பக்கமே தெரியும். அதே விளக்கை முன் கண்ணாடியின் அருகே நகர்த்தி வைத்தால், ஒரு லூமென் (விளக்கு தரும் ஒளியின் அளவு) கூடக் கூட்டாமலேயே அந்த நீலக் கோடு பளிச்சிடும். தொட்டிக்குள் விழும் மொத்த ஒளியும் இதனால் கூடுவதில்லை.

புதிதாக வாங்குவதென்றால், வாட் எண்ணைவிட முதலில் கவனிக்க வேண்டியது, நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ எண்ணாகும். அது 90 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. இந்த எண் குறைவான வெள்ளை எல்இடி விளக்குகள் பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு ஒளி போதாமல் இருப்பதால், கப்பி மீனின் செந்நிற வால்கூட அவற்றின் கீழ் மங்கிய செங்கல் நிறமாகவே தெரியும். ஒளியின் சாயலைக் கெல்வின் எண் சொல்லும்; பகல் வெளிச்சத்தை ஒத்த 6500 கெல்வின் பெரும்பாலான நன்னீர் மீன்களுக்குப் பொருந்தும். 10,000 கெல்வின் விளக்குகள் நீலத்தை எடுப்பாகக் காட்டினாலும் சிவப்பை அடக்கிவிடும்.

ஒளியின் அளவுக்கு, எளிய செடிகள் மட்டும் உள்ள தொட்டியில் லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் என்பது மீன் வளர்ப்போர் கையாளும் தோராயக் கணக்கு. அதன்படி 60 லிட்டர் தொட்டிக்கு 600 முதல் 1200 லூமென் போதும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் உள்ள விளக்கு என்றால், பாதி ஒளியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம் என்பதால், அதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

பாசியைத் தடுக்கும் தனி நிறம் கொண்ட ஒளி என்று ஒன்றை நம்பி வாங்க வேண்டாம். செடிகளிடம் உள்ள அதே பச்சையம் பாசியிடமும் உண்டு என்பதால், செடிக்கு உதவும் ஒளி பாசிக்கும் உதவவே செய்யும். நம் கையில் இருப்பது ஒளியின் அளவும் நேரமும், நீரில் சேர்ந்து பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான். ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் விளக்கு எரியக் கூடாது. நினைவை நம்பாமல் டைமரிடம் அதை ஒப்படையுங்கள். மிஞ்சிய தீவனத்தை அகற்றி, வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். சன்னல் வழியாக நேரடி வெயில் விழும் இடத்தில் தொட்டி இருந்தால், டைமர் வைத்தும் பயனிருக்காது.

கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் தென்பட்டால், விளக்கு எரியும் நேரத்தில் ஒரு மணியைக் குறைத்துவிட்டு, வேறு எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் பொறுத்திருந்து பாருங்கள். புதுத் தொட்டியில் விரலால் தடவினாலே வந்துவிடும் பழுப்பு நிறப் படலம் வேறு வகை. அது டயாட்டம் என்னும் நுண்பாசி, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். அதைக் கண்டு விளக்கை மாற்ற வேண்டியதில்லை.

பின்கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டி, அடியில் கருமணல் பரப்பினால், குறைந்த ஒளியிலும் நிறங்கள் எடுப்பாகத் தெரியும். வெண்மணல் மேல் பல மீன்கள் சூழலுக்கேற்பத் தம் நிறத்தை வெளிறச் செய்துகொள்கின்றன. அந்த வெளிறலைக் கண்டு விளக்கைக் கூட்டுவதுதான் பல தொட்டிகளில் பாசிக்கு வழிவிடுகிறது. சிவப்பும் ஆரஞ்சும் குறைந்தால் தீவனத்தையும் பாருங்கள். அந்த நிறங்களுக்குப் பெரிதும் காரணமான கரோட்டினாய்டுகளை மீன்கள் தாமே உருவாக்க இயலாது, உணவில் இருந்தே பெற வேண்டும்.

இரவில் நியான் டெட்ராவின் நிறம் மங்குவது இயல்பு என்பதால், விளக்கு எரிந்தவுடன் அதன் நிறத்தை எடைபோடாதீர்கள். இருளில் இருந்த மீன் திடுக்கிடாதபடி அறை விளக்கை முதலில் போட்டு, தொட்டி விளக்கைச் சற்று நேரம் கழித்து எரியவிட்டு, அரை மணி நேரம் சென்றபின் பாருங்கள்.