ராணுவ டெப்போ நிலத்தைச் சுத்தம் செய்வது எப்படி: மெம்பிஸை வைத்து ஒரு வழிகாட்டி

ராணுவ சப்ளை டெப்போ இருந்த இடத்தைச் சுத்தம் செய்யும் வேலை கையில் வந்தால், தோண்டும் இயந்திரத்துக்குச் சொல்லி அனுப்பும் முன் ஆவண அறைக்குப் போங்கள். எங்கே எதைக் கழுவினார்கள், எங்கே எதைக் கொட்டினார்கள், எதைப் புதைத்தார்கள் என்று தெரியாமல் போடுகிற துளை வீண் செலவு, சில இடங்களில் உயிருக்கும் ஆபத்து.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்திலுள்ள மெம்பிஸ் டெப்போவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல்களில் முக்கால்வாசி அங்கே ஒரே வேலிக்குள் இருந்தன. 1942-இல் தொடங்கிய கிடங்கு, சுமார் 640 ஏக்கர். 1992-இல் சூப்பர்ஃபண்ட் (நச்சுக்கழிவு இடங்களைச் சுத்தம் செய்ய வைக்கும் அமெரிக்கச் சட்டம்) முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள், 1997-இல் மூடினார்கள். அதன் ஒரு பக்கம் டன் ஃபீல்டு என்ற திறந்த வெளி, வேண்டாத ரசாயனத்தையெல்லாம் குழி வெட்டிப் புதைத்த இடம். 1946-இல் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய கடுகு வாயுக் குண்டுகளை ரயிலில் கொண்டுபோகும் வழியில் அவை ஒழுக ஆரம்பிக்க, இங்கே இறக்கி, அழித்து, மிச்சத்தை இங்கேயே புதைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் மண்ணைப் பார்த்தால் தெரியாது. சரக்குப் பதிவேடு, பழைய வான்வழிப் படங்கள், அங்கே வேலை பார்த்த பெரியவர்களின் பேச்சு, இந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப்பாருங்கள். குண்டு புதைத்ததாக ஒரு வரி கிடைத்தாலும் போதும், அந்தப் பகுதியில் சாதாரணத் துளையிடும் ஆட்களை விடக்கூடாது. வெடிபொருள், ரசாயன ஆயுதப் பயிற்சி உள்ள குழுதான் முதலில் இறங்க வேண்டும், ஆவி வெளியே போகாதபடி கூடாரம் போட்டு உள்காற்றை வடிகட்டிக்கொண்டே தோண்ட வேண்டும்.

அப்புறம் அடுக்குகள். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து, இங்கே அவசரப்பட்டவர்கள் பின்னால் பத்து மடங்கு கட்டுகிறார்கள். மெம்பிஸில் மேலே காற்று கொண்டுவந்து குவித்த நுண்வண்டல், லோயஸ் என்பார்கள். அதற்குக் கீழே மணலும் கூழாங்கல்லும் கலந்த அடுக்கு, அதன் அடிப்பகுதியில் மேல்நிலை நிலத்தடி நீர். அதற்கும் கீழே களிமண். களிமண்ணுக்கு அடியில் நகரமே குடிக்கிற ஆழமான மெம்பிஸ் நீர்த்தேக்கம். களிமண் எல்லா இடத்திலும் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அங்கங்கே அது மெலிந்து அல்லது இல்லாமலே போகிறது, அந்த ஓட்டை வழியாக மேல்நீர் கீழே இறங்க முடியும். ஆகவே மாசு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் களிமண் எங்கே இல்லை என்று கேளுங்கள். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லக் குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டம் வேண்டும், நடைமுறையில் பல மடங்கு தேவைப்படும். துளை போடும்போது நீங்களே களிமண்ணைத் துளைத்து மாசுக்குப் புது வழி திறந்துவிடாதபடி, மேல் அடுக்கைக் குழாய் வைத்து அடைத்துவிட்டுத்தான் ஆழத்துக்குப் போக வேண்டும்.

டெப்போக்களில் அடிக்கடி மாட்டுவது கிரீஸ் கழுவப் பயன்பட்ட குளோரின் கரைப்பான்கள்: டி.சி.ஈ. (ட்ரைகுளோரோஎத்திலீன்), பி.சி.ஈ. (பெர்குளோரோஎத்திலீன்), கார்பன் டெட்ராகுளோரைடு. இவை தண்ணீரைவிடக் கனமானவை, நீர்மட்டத்தில் மிதக்காமல் அடி வரை இறங்கிக் களிமண்ணின் மேல் குட்டையாகத் தேங்கும். அமெரிக்கக் குடிநீர் வரம்பு டி.சி.ஈ.க்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அவ்வளவு சிறிய அளவு என்பதால் சாம்பிள் எடுக்கிற விதமே முடிவை மாற்றிவிடும். பம்பை மெதுவாக ஓட்டுங்கள், பி.எச்., ஆக்சிஜன், மின்கடத்தல் மூன்றும் நிலைபெறும் வரை காத்திருங்கள், 40 மில்லி குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்பி ஐஸில் வையுங்கள். கூடவே வெறும் சுத்த நீர்க் குப்பி ஒன்றும் ஆய்வகத்திலிருந்து வந்து ஆய்வகத்துக்கே திரும்பட்டும், அதில் டி.சி.ஈ. வந்தால் மாசு கிணற்றிலிருந்து வந்ததா வழியில் ஏறியதா என்று சந்தேகப்பட வேண்டும்.

சரி, இனி சிகிச்சை. ஒரே முறை எல்லா அடுக்குக்கும் பொருந்தாது. நீர்மட்டத்துக்கு மேலே மணல் என்றால் கிணற்றில் ப்ளோயர் மாட்டி மண்ணிடைக் காற்றை உறிஞ்சி, கார்பன் வடிகட்டியில் விட்டால் கரைப்பான் ஆவியாக வந்துவிடும். லோயஸ் போன்ற நெருக்கமான மண்ணில் காற்று சரியாக நகராது, அதனால் டன் ஃபீல்டில் அந்த அடுக்கைச் சூடாக்கி உறிஞ்சினார்கள். மின்செலவு பயமுறுத்தும், ஆனாலும் மூலத்தை அகற்றாமல் கீழே நீரை மட்டும் இறைத்துக்கொண்டிருப்பது அதைவிடச் செலவு. இறைத்துச் சுத்திகரிப்பது மாசு வேலியைத் தாண்டாமல் தடுக்க நல்லது, முழுத் தீர்வாக அதை நம்ப வேண்டாம். பம்பை நிறுத்தியதும் அளவு மறுபடி ஏறும்.

நீருக்குள் இருப்பதற்கு வேறு வழிகள் உண்டு: இரும்புத் துகளைச் செலுத்தலாம், அடியிலிருந்து காற்றை ஊதலாம், அல்லது சோடியம் லாக்டேட் போன்ற உணவைக் கொடுத்து பாக்டீரியாவை வேலை வாங்கலாம். மெம்பிஸ் பிரதானக் கிடங்குப் பகுதியில் லாக்டேட்தான் பயன்பட்டது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாக்டீரியா பி.சி.ஈ.யை டி.சி.ஈ. ஆக்கி, அதை டி.சி.ஈ.யைவிடச் சிறிய டைகுளோரோஎத்திலீனாக்கி, அப்புறம் வினைல் குளோரைடாக்கி, கடைசியில்தான் தீங்கற்ற எத்திலீனாக்கும். பாதி வழியில் நின்றுபோனால் உங்களிடம் மிஞ்சுவது புற்றுநோய் உண்டாக்கும் வினைல் குளோரைடு, அதன் வரம்பு 2 மைக்ரோகிராம்தான். டி.சி.ஈ. குறைந்ததே என்று அறிக்கையில் குதிக்காதீர்கள், எத்திலீன் வந்ததா என்று பாருங்கள்.

ஈயம், டீல்ட்ரின் என்ற பழைய பூச்சிக்கொல்லி போன்றவை எளிதில் ஆவியாகாது, மேல்மண்ணோடு ஒட்டிக்கிடக்கும். அந்த மண்ணைச் சுரண்டி அனுமதி பெற்ற கழிவுக் கிடங்குக்கு அனுப்புவதுதான் நேர்வழி.

வேலிக்கு வெளியே இருப்பவர்களை மறக்கவே கூடாது. மெம்பிஸ் டெப்போவைச் சுற்றி இருப்பது கறுப்பின மக்களின் குடியிருப்புகள், அவர்கள் பல ஆண்டுகள் கேள்வி கேட்டுப் போராடினார்கள். ஆய்வு முடிவுகளை வாசிக்கும்படி எழுதிக் கொடுங்கள், நிலத்தடி ஆவி வீட்டுத் தரை வழியாக ஏறுகிறதா என்று அளக்கும்போது வீட்டுக்காரரிடம் எண்ணையும் சொல்லுங்கள், அதன் பொருளையும் சொல்லுங்கள்.

இயந்திரங்களை நிறுத்தியதும் வேலை முடியாது. அளவு மறுபடி ஏறுகிறதா என்று கண்காணியுங்கள், நிலப் பத்திரத்தில் கிணறு தோண்டத் தடை எழுதி வையுங்கள். மாசு மிச்சம் இருக்கும் வரை சூப்பர்ஃபண்ட் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு உண்டு. தேவை தீர்ந்த கண்காணிப்புக் கிணறுகளை மூடியோடு விட்டுவிடாமல் அடி முதல் மேல் வரை சிமெண்டும் பெண்டோனைட்டும் (நீர் பட்டால் உப்பும் களிமண்) கலந்த குழம்பால் நிரப்பி, எந்தக் கிணறு எந்த நாளில் மூடப்பட்டது என்று பதிவு செய்துவிடுங்கள்.