பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தையைக் காப்பகத்திற்கு அனுப்புவதற்கு முன்

பெருந்தொற்று பரவும்போது கைக்குழந்தையையோ நடை பழகும் குழந்தையையோ பகல்நேரக் காப்பகத்திற்கு அனுப்பலாமா என்று யோசிப்பவர்கள், அந்த நோய் யாரைக் கடுமையாகத் தாக்குகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2020இல் பரவிய கொரோனா, சிறு குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல், சளியோடு நின்றது. முதியவர்களைத்தான் அதிகம் பலி வாங்கியது. 2009இல் பரவிய எச்1என்1 என்னும் பன்றிக் காய்ச்சலோ ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களையும் கர்ப்பிணிகளையும் கடுமையாகப் பாதித்தது. ஆகவே குழந்தையின் உடல்நிலையோடு, மாலையில் அது திரும்பி வரும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறோ நோய் எதிர்ப்புக் குறைபாடோ உள்ள குழந்தை என்றால், குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. செவிலியர், தூய்மைப் பணியாளர் போன்று வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்களுக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கே பல நேரம் இடமிருப்பதில்லை. எந்தக் காப்பகம், எப்படி அனுப்புவது என்பதே அவர்களுடைய கவலை.

காப்பகத்தைப் பார்க்கப் போகும்போது, தரை எத்தனை முறை துடைக்கப்படுகிறது என்பதைவிட ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்பதையே முதலில் கவனியுங்கள். கொரோனா போன்ற நோய்கள் மூச்சுக்காற்றின் வழியாகவே பெரிதும் பரவுகின்றன. சுவரில் மாட்டிய ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருமே தவிர, வெளிக்காற்றைக் கொண்டு வராது. எதிரெதிர்ச் சுவர்களில் திறந்த ஜன்னல்களும், இருக்கும் காற்றை வெளியேற்றும் ஒரு எக்சாஸ்ட் விசிறியும் உள்ள எளிய அறை, பளபளக்கும் மூடிய அறையைவிடப் பாதுகாப்பானது. ஜன்னல்களில் கொசுவலை இருக்கிறதா என்றும் பாருங்கள். வலை இல்லாத இடத்தில் டெங்குவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அந்தப் பயமும் நியாயமானதே.

அடுத்து, எந்தக் குழந்தைகள் எந்த ஆயாவிடம் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதே குழந்தைகள், அதே பராமரிப்பாளர், அதே அறை என்று சிறு குழுக்களாக நடத்தினால், ஒருவருக்கு நோய் வந்தாலும் அந்தக் குழுவோடு நிறுத்த முடியும். பகலெல்லாம் பிரித்து வைத்துவிட்டு, மாலையில் ஆட்கள் குறைந்ததும் எல்லாக் குழந்தைகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கும் வழக்கம் உண்டு. எனவே மாலை ஆறு மணிக்கு என்ன நடக்கிறது என்பதையும், வேனில் யாரோடு யார் வருகிறார்கள் என்பதையும் தனியே விசாரிக்க வேண்டும்.

பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது அதுதான். ஆயாவுக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் இருந்தால், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? சம்பளம் பிடிக்கப்படும் என்றால், வீட்டு வாடகையை எண்ணி அவர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அதற்காகக் காப்பகம் என்றாலே நோய் பரவும் இடம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 57,000க்கும் மேற்பட்ட குழந்தைப் பராமரிப்பாளர்களிடம் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் நடத்திய ஆய்வில், காப்பகத்தில் தொடர்ந்து பணியாற்றியவர்களுக்கு மற்றவர்களைவிடக் கொரோனா அதிகம் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே தடுப்பு முறைகள் கவனமாகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தன, சுற்றுவட்டாரத்தில் பரவல் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்தே அந்த முடிவைப் பார்க்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முகக்கவசம் அணிவிக்கக் கூடாது. மூச்சு முட்டினால் அதைத் தானே கழற்ற அதற்குத் தெரியாது. ஐந்து வயது வரை கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020இல் கூறின. பெரியவர்கள்தான் அணிய வேண்டும். கைகளைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவப் பழக்குவதே நல்லது. சானிடைசர் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் அதிலுள்ள ஆல்கஹாலைச் சிறிதளவு விழுங்கினாலும் ஆபத்து.

தாய்ப்பால் கொடுத்தனுப்புவோர் கவனிக்க வேண்டியது: பீய்ச்சி எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பதே பொதுக் கணக்கு, நம் ஊர் வெயிலில் அதை நம்ப முடியாது. பனிக்கட்டிப் பைகள் வைத்த பெட்டியில் கொடுத்தனுப்பி, போய்ச் சேர்ந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் மகப்பேறு நலம் குறித்த இந்தியச் சட்டம் கூறுகிறது. இந்த உரிமையைத் தயங்காமல் கேளுங்கள்.

புதிய நோயின் மீதுள்ள அச்சத்தில் பழைய தடுப்பூசிகளைத் தள்ளிப் போடாதீர்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொன்று எனப் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி, காப்பகம் செல்லும் குழந்தைக்கு மிகவும் அவசியம்; தட்டம்மை கொரோனாவைவிட வேகமாகத் தொற்றும்.

குழந்தையைச் சேர்க்கும் முன்பே, காய்ச்சல் நாளில் யார் விடுப்பு எடுப்பது என்று கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அது எப்போதும் அம்மாவின் வேலை என்று விட்டுவிடுவது நியாயமல்ல. காலையில் உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அனுப்பக் கூடாது. பாராசிட்டமால் கொடுத்துச் சூட்டைத் தணித்துவிட்டு அனுப்புவது மற்ற குழந்தைகளுக்கும் அந்த ஆயாவுக்கும் செய்யும் தீங்கு. குழுவில் யாருக்காவது நோய் உறுதியானால் உடனே சொல்லும்படி காப்பகத்திடமும், உங்கள் வீட்டில் வந்தால் நீங்களே சொல்வதாகவும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நோயுற்ற குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்கு 60, இரண்டு முதல் 11 மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கொரோனா வந்து போன இரண்டு முதல் ஆறு வாரங்களில், விடாத காய்ச்சலோடு கண் சிவப்பு, தோலில் தடிப்பு, வயிற்றுவலி தோன்றினால், குழந்தைக்கு முன்பு தொற்று வந்திருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.